மைனஸ் இருபத்திரண்டில்

பன்னிரண்டு என்கிறது திரை. நிமிடத்துக்கு ஒன்று கூடும். இருநூற்று நாற்பது வரை போக வேண்டும், நான்கு மணி நேரம், மதியம் இரண்டு ஆகிவிடும், அதுவரை எனக்கு இந்த எண்தான் கடிகாரம், ஏனென்றால் என் கடிகாரம், அதாவது என் கணவருடைய கடிகாரம், வெளி அறையில் பிளாஸ்டிக் தட்டில் கிடக்கிறது, கூடவே வீட்டுச் சாவியும் ஏழு கொண்டை ஊசிகளும். காந்தத்துக்குப் பக்கத்தில் இரும்பு கூடாது. இந்தக் கருவியை ஓட்டுகிற ஞானப்பிரகாசம் நான் உள்ளே நுழையும்போதே தட்டை நீட்டினார். "அம்மா, ஊசியெல்லாம் எண்ணிப் போடுங்க. போன வாரம் ஒரு பொண்ணோட கிளிப்பு போய் ஒட்டிக்கிச்சு, எனக்கு ரெண்டு நாள் தூக்கம் போச்சு." எண்ணித்தான் போட்டேன். ஏழு. ஏழு என்பதை மறக்கக் கூடாது. ஊசி இல்லாத கொண்டை மெல்ல அவிழ்ந்து கழுத்தில் வழிகிறது, ஏசிக் காற்று பட்டு முடி சில்லிடுகிறது, வெளியே ஆடிக் காற்று புழுதியை வாரி ஜன்னலில் அடிக்கிறது, இங்கே ஒரு சத்தமும் இல்லை, பம்பின் முனகலைத் தவிர. எதிரே காந்தம் இருக்கிற அந்த வெள்ளை உருளை, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மூன்று கால் முளைத்த மாதிரி. அதன் வயிற்றில் பென்சில் தடிமனில் ஒரு கண்ணாடிக் குழாய், குழாயில் நான் செய்த பொருள். சிலிக்கோன் எல்லாரும் அறிந்ததுதான், குக்கர் காஸ்கெட், குளியலறைத் தொட்டி ஓரத்தில் பிதுக்குகிற பசை. சிலிக்கன், ஆக்சிஜன், சிலிக்கன், ஆக்சிஜன் என்று கைகோத்துப் போகிற நீளமான சங்கிலி. அந்தச் சங்கிலியில் அங்கங்கே ஒரு டைட்டானியத்தை நுழைக்கப் பார்க்கிறேன். நுழைந்தால் இன்னும் சூடு தாங்கும் என்கிறார்கள். நுழைந்ததா, இல்லை, சங்கிலிக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறதா? ஆறு வருடமாக இதுதான் கேள்வி. இந்தக் கருவி சிலிக்கனிடம் உன் பக்கத்தில் யார் என்று கேட்கும், பதில் எண் குறித்த ஒரு நீளக் கோட்டின் மேல் கூரான பீக்காக எழும், டைட்டானியம் பக்கத்தில் இருந்தால் ஓர் இடத்தில், இல்லாவிட்டால் வேறோர் இடத்தில். எங்கே வேண்டுமானாலும் எழட்டும். மைனஸ் இருபத்திரண்டில் மட்டும் எழ வேண்டாம்.

பதினெட்டு. சிலிக்கன் மெதுவாகத்தான் பதில் சொல்லும். ஒரு முறை தட்டிக் கேட்டால் அது நிதானத்துக்குத் திரும்ப ஒரு நிமிடம் ஆகும், அதற்குள் மறுபடி கேட்டால் பேசாது. அதிலும் நூறு சிலிக்கன் இருந்தால் பேசக்கூடியவை ஐந்துதான், மீதி தொண்ணூற்றைந்துக்கும் இந்தக் காந்தம் இருப்பதே தெரியாது. ஒரு பதில் போதாது, காதில் விழாத அளவு சன்னமாக இருக்கும், இருநூற்று நாற்பது பதில்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் இரைச்சலிலிருந்து தலை தூக்கும். வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு நான் காத்திருந்த காத்திருப்புகள். அறுபது பெண்கள், நான்கைந்து பேருக்குத்தான் வாய் அசையும், அதுவும் பக்கத்துப் பெண்ணைப் பார்த்துக்கொண்டு. மெஹருன்னிசா அசைக்க மாட்டாள். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டால் மட்டும் சரியாகச் சொல்வாள். இப்போது என் பிஎச்.டி.க்கு அவள்தான் கைடு. பதிவுப் படிவத்தை வாங்கிப் பார்த்த குமாஸ்தா, "அம்மா, பேர மாத்தி எழுதிட்டீங்க போலிருக்கு, கைடுங்கற எடத்துல உங்க பேர் வரணும்" என்றார். "சரியாத்தான் எழுதியிருக்கேன் தம்பி" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், மெஹரைப் பார்த்தார், வயதைப் பார்த்தார், ஐம்பத்தொன்பது, பிறகு முத்திரையை ஓங்கிக் குத்தினார். மற்றவர்கள் முன்னால் நான் அவளை மேடம் என்பேன், அவள் என்னை மிஸ் என்பாள், கல்லூரியில் கூப்பிட்ட அதே மிஸ், தனியாக இருக்கும்போது நான் மெஹர் என்பேன், அவள் அப்போதும் மிஸ் என்பாள். எண்பத்திமூன்றில் என் கணவருக்கு மாற்றலாகி மேட்டூர் போனபோது நான் பாதியில் விட்ட ஆராய்ச்சி. ஓய்வு பெற்றபின் ஒரு நாள் மெஹரிடம் வாய்தவறிச் சொன்னேன், "டைட்டானியம் அப்ப எனக்குக் கட்டியா உறைஞ்சு போச்சு, ஏன்னு இன்னும் தெரியல." அவள் படிவத்தை எடுத்து வந்துவிட்டாள். இருபத்தொன்று. கடைசி நீட்டிப்பு ஆகஸ்ட் முப்பத்தொன்று. இந்தக் கருவி எங்களுக்கு ஐந்து வாரத்துக்கு ஒரு முறைதான் கிடைக்கும். இன்று தவறினால் அடுத்த முறை வருவதற்குள் எழுதிக் கொடுக்கிற நாள் தாண்டிவிடும். அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்க எனக்கும் வாய் வராது.

முப்பத்தைந்து. மைசூர்பாகு வாசனை வருகிறதே, இல்லை, அது நினைப்பு. போன தடவை ஒரு மணி நேரம்தான் ஓட்டினோம், வெறுமனே பார்ப்பதற்கு. ஞானப்பிரகாசம் அந்தப் பக்கம் காந்தத்தைக் குளிர்விக்கத் திரவ நைட்ரஜன் ஊற்றிக்கொண்டிருந்தார், வெண்புகை தரையில் தவழ்ந்தது, நான் தனியாகத் திரையைப் பார்த்தேன், பொட்டலில் ஒற்றைப் பனை நிற்கிற மாதிரி நெட்டாக ஒரு பீக். போனில் படம் பிடித்து வெளியூர்க் கூட்டத்தில் இருந்த மெஹருக்கு அனுப்பினேன், அடியில் எண் விழுந்ததா என்று பார்க்கவில்லை, அவளும் கேட்கவில்லை, "மிஸ்!!!! முதல்ல ஸ்வீட் வாங்குங்க" என்று பதில் வந்தது. கேன்டீனுக்கு ஓடினேன், ஓட்டம் என்று சொல்ல முடியாது, இந்த முழங்காலை வைத்துக்கொண்டு. கால் கிலோ மைசூர்பாகு. ஞானப்பிரகாசம் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டே திரைக்குக் குனிந்தார். மென்றுகொண்டிருந்த தாடை நின்றது. "அம்மா, இது எந்த எடத்துல இருக்குன்னு பாத்தீங்களா?" பார்த்தேன். மைனஸ் இருபத்திரண்டு. "ஜாயிண்ட்டுக்கு என்ன தடவுனீங்க?" க்ரீஸ் என்றேன். "என்ன க்ரீஸ்?" கண்ணாடியும் கண்ணாடியும் பொருந்துகிற இடத்தில் காற்று புகாமலும் இறுகிப் பிடித்துக்கொள்ளாமலும் இருக்க எந்தச் சோதனைக்கூடத்திலும் தடவுவது ஒன்றே ஒன்றுதான், சிலிக்கோன் க்ரீஸ். அதுவும் சிலிக்கன், ஆக்சிஜன், சிலிக்கன், ஆக்சிஜன். அதன் பீக் எழுகிற இடம்தான் மைனஸ் இருபத்திரண்டு. கரைப்பானாக ஊற்றிய டொலுவின் கொதிக்கும்போது அதைக் கரைத்துக் குடுவைக்குள் இறக்கிவிட்டிருக்கிறது. நான் கொண்டாடியது என் பொருளை அல்ல, என் குடுவையின் கழுத்தில் தடவிய மசகை. அவர் வாயிலிருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார், பாவம். "பரவாயில்ல, சாப்பிடுங்க, இனிப்பு நல்ல இனிப்புதான்" என்றேன். முப்பத்திநான்கு வருடம் எத்தனை ஆயிரம் பெண்களிடம் சொல்லியிருப்பேன், க்ரீஸ் தடவாம பொருத்தினா அஞ்சு மார்க் கட். ஆள்காட்டி விரலில் ஒரு மிளகளவு, கூம்பின் மேல்பாதியில் மட்டும், ஒரு சுற்று. கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். கண்ணை மூடிக்கொண்டு. அங்கேதான் இடிக்கிறது.

ஐம்பத்தெட்டு. மறுபடி செய்தேன், பதினொரு நாளைக்கு முன்னால், க்ரீஸ் இல்லாமல். மதியம் இரண்டு மணிக்கு, மற்றவர்கள் சாப்பிட்டுக் கண் சொக்குகிற நேரத்தில், அப்போதுதான் இந்த ஊர்க் காற்றில் ஈரம் குறைவு, டைட்டானியத் திரவத்துக்கு ஈரம் ஆகாது, காற்றில் இருக்கிற ஈரம் பட்டாலே புகைந்து பாலாய்த் திரிந்து கட்டியாகிவிடும். எண்பத்திமூன்றில் நடந்தது அதுதான், அப்போது காலையில் செய்வேன், பனி இறங்கிய காலையில், யாரும் சொல்லவில்லை. மூன்று கழுத்துக் குடுவையை அடுப்பில் காய வைத்து எடுத்தேன். நடுக் கழுத்தில் நைட்ரஜன். இடக் கழுத்தில் மூடி. வலக் கழுத்துக்கு, ஆவியைக் குளிர்விக்கிற கண்ணாடிக் கண்டென்சரைக் கையில் எடுத்தேன், போன் அடித்தது, "மேடம் கேஸ் வந்திருக்கு, பக்கத்து வூட்ல எறக்கிட்டேன், ஓடிபி சொல்லுங்க." போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சொன்னேன், ஏழு பூஜ்யம் நான்கு ஒன்பது. "திருப்பிச் சொல்லுங்க மேடம்." ஏழு பூஜ்யம் நான்கு ஒன்பது. அதற்கப்புறம் டொலுவினை ஊற்றுகிறேன், அது நினைவிருக்கிறது, கண்ணாடியில் அது வழிந்த பளபளப்பு, அந்தப் பெயின்ட் வாசனை. நடுவில் கண்டென்சர் குடுவையில் பொருத்தியிருக்கிறது. யார் பொருத்தியது? நான்தான். எப்படி? தெரியவில்லை. ஓடிபி தெரிகிறது, கை தெரியவில்லை. க்ரீஸ் ட்யூபை டிராயரில் போட்டு மூடினேன், அது சத்தியம். மறுநாள் காலை அது மேசைமேல் இருந்தது, மூடி திறந்து. மற்றப் பிள்ளைகள் எடுத்திருப்பார்கள், எல்லாருக்கும் வேண்டியதுதானே. எடுத்தீர்களா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால்? அறுபத்திரண்டு. மாசியில் ஒரு நாள் சர்க்கரை டப்பாவைப் பிரிட்ஜுக்குள் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினேன். புனல் என்கிற சொல் வராமல் கையால் கூம்பு பிடித்துக் காட்டினேன், கூடத்தில் இருந்த ஒரு பெண் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள். இதெல்லாம் எல்லாருக்கும் வருவது. அம்மாவுக்கும் இப்படித்தான், முதலில் சொல், பிறகு கதவு, பூட்டியாச்சா என்று எழுந்து எழுந்து போவாள், பிறகு ஒரே புடவையை நாள் முழுக்க மடித்துக்கொண்டிருந்தாள், மடித்து, பிரித்து, ஓரம் சேர்த்து. கைக்கு மட்டும் எல்லாம் நினைவிருந்தது. கை மடித்துக்கொண்டே இருந்தது, ஆள் அங்கே இல்லை. என் கையும் அன்றைக்கு விரலில் மிளகளவு எடுத்து ஒரு சுற்று சுற்றியிருந்தால், எனக்குத் தெரியாமல்? மைனஸ் இருபத்திரண்டில் பனைமரம் எழுந்தால் போவது ஆராய்ச்சி மட்டும் இல்லை. அதனால்தான் இத்தனை பயம். மெஹருக்கு இது தெரியாது. யாருக்கும் தெரியாது. ஏழு பூஜ்யம் நான்கு ஒன்பது.

எண்பத்தொன்பது. ஸ்பிரிட் வாசனை நிஜமாகவே வருகிறது, ஞானப்பிரகாசம் பஞ்சில் தொட்டு ஏதோ துடைக்கிறார். இந்த வாசனைக்கு என் வீட்டில் ஆறு வருடம். ஊசி போடுமுன் என் கணவர் புஜத்தில் தேய்க்கிற பஞ்சு, பஞ்சநதம் என்று அவர் பெயர் எழுதி ஒட்டிய மருந்துப் பெட்டி, கட்டில் காலில் தொங்கிய பை, பைக்குப் போகிற குழாய். அந்தக் குழாயின் உறையில் நூறு சதம் சிலிக்கோன் என்று அச்சடித்திருந்தது, வாசித்துக் காட்டினேன், மின்வாரியத்தில் முப்பது வருடம் ஒயரோடும் ரப்பரோடும் குடித்தனம் நடத்தினவர், புரிந்துகொண்டு சிரித்தார். "உன் சப்ஜெக்ட் என் ஒடம்புக்குள்ளயே வந்துட்டுதுடி அகிலா." நான் சிரிக்கவில்லை. "அதுல உன் டைட்டானியம் இருக்கா?" இல்லை என்றேன். "அப்ப செகண்ட் குவாலிட்டிதான்" என்றார். வலி இருக்கிற நேரத்தில்தான் அதிகம் கேலி செய்வார், நல்ல நாளில் பேப்பர் படிப்பார். எப்போதும் காஸ்கெட் ஆராய்ச்சி என்பார், "குக்கர் விசிலடிக்குது, போய் உன் ஆராய்ச்சியக் கவனி." மாற்றல் வந்தபோது நான் விட்டுவிட்டு வந்ததற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை, அந்தக் காலத்தில் அதை யாரும் விடுவது என்று சொல்லவில்லை, கிளம்புவது என்றார்கள். ஆனால் மேட்டூரில் ஒரு நாள் எங்கிருந்தோ ஒரு கண்ணாடிக் குடுவை வாங்கி வந்து, "பூ வச்சுக்கோ" என்று கொடுத்தார். பூ வைக்கவில்லை. இன்னும் இருக்கிறது, உளுந்து போட்டு வைத்திருக்கிறேன். அவர் போன பின்னால் ஸ்பிரிட் வாசனை வந்தால் நான் தெருவில் எதிர்ப்பக்கம் போய்விடுவேன், மருந்துக்கடை இருக்கிற பக்கம் நடக்க மாட்டேன். பிறகு இந்த வேலை. சிலிக்கனும் டைட்டானியமும் ஓர் ஆக்சிஜன் வழியாகக் கைகோக்கும்போது ஒரு மூலக்கூறு ஆல்கஹால் விடுபடும், அதே ஊசிப்பஞ்சு ஆல்கஹால், அது சொட்டுச் சொட்டாக வடிந்தால்தான் உள்ளே ஏதோ சேருகிறது என்று அர்த்தம். முதல் தடவை அந்த வாசனை வந்தபோது கண் மறைத்தது, ஜன்னலைத் திறந்தால் ஈரம் வந்துவிடும், திறக்க முடியாது, அங்கேயே நின்றேன். பதினொரு நாளைக்கு முன்னால் நிறைய வடிந்தது. முன்னைவிட நிறைய. அதை நினைத்துக்கொள்ள வேண்டும். தொண்ணூற்றாறு.

"அம்மா, நூத்திருவது ஆயிடுச்சு, பாதி. ஒரு பார்வை பாத்துருவமா? ஒரு பட்டன்தான்." ஞானப்பிரகாசம் தயிர்சாதத்தை முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வருகிறார். வேண்டாம் என்கிறேன். "முப்பது வருசம் பேப்பர் திருத்துனவங்க, ரிசல்ட் பாக்க பயப்படுறீங்களே." "திருத்துறவளுக்கு என்ன பயம்? எழுதினவளுக்குத்தான் பயம்." அவர் சிரிக்கிறார். "சரி, சாப்பாடாவது சாப்பிடுங்க." டப்பாவில் எலுமிச்சைசாதம் இருக்கிறது, வெளி அறையில் உட்கார்ந்து சாப்பிடலாம், ஆனால் எழுந்து போனால் எண் ஓடாது என்று தோன்றுகிறது, பால் பொங்குகிற வரை அடுப்பை விட்டு நகரக் கூடாது என்கிற மாதிரி. மெஹரிடமிருந்து போன் வந்ததாம், இந்த முறை என் போனும் அந்தத் தட்டில்தான், அவர் எடுத்துப் பேசினாராம். "கைடு மேடம் கேட்டாங்க, மிஸ் சாப்பிட்டாங்களான்னு. ரிசல்ட் பத்திக் கேக்கவே இல்ல." கேட்க மாட்டாள். மைசூர்பாகுக்கு அடுத்த நாள் அவளுக்கு நான் போன் செய்து எண்ணைச் சொன்னபோது சொன்னாள், "மிஸ், நானா இருந்தாலும் தடவியிருப்பேன். நீங்க சொல்லித் தந்ததுதானே." அதில் குத்தல் இல்லை. ஆனாலும் குத்திற்று. நூற்றிருபத்தாறு. எத்தனை பெண்கள் எங்கெங்கே தடவிக்கொண்டிருக்கிறார்களோ. விளக்கு ஒரு முறை இமைக்கிறது, பம்ப் முனகல் நின்று ஒரு கணம் கழித்துத் தொடர்கிறது, பீப் பீப் என்கிறது மூலையில் யுபிஎஸ். "ஒண்ணுமில்லம்மா, காத்துக்கு எங்கயோ மரக்கிளை முறிஞ்சு லைன்ல விழுந்திருக்கும். இது ஓடும்." திரையில் நூற்றிருபத்தாறு அப்படியே நிற்கிறது. நிற்கிறது. இங்கேயே நின்றுவிட்டால் ஒன்றும் தெரியாமலே வீட்டுக்குப் போகலாம், தெரியாமல் இருப்பது எவ்வளவு சௌகரியம், குற்றம் மின்சாரத்தின் மேல் போய்விடும், அவருடைய வாரியத்தின் மேல், அவர் இருந்தால் சண்டைக்கு வருவார். நூற்றிருபத்தேழு. நான் மூச்சு விட்ட சத்தம் எனக்கே கேட்கிறது. அப்படியானால் எனக்குத் தெரிந்துகொள்ளத்தான் ஆசை.

நூற்று அறுபது. குடுவையை உடைத்ததை ஏன் மறந்துவிட்டேன். மறக்கவில்லை, சரியான இடத்தில் வைத்துப் பார்க்கவில்லை. வேலை முடிந்து ஆறினபின் இடக் கழுத்து மூடி வரவில்லை. இழுத்தேன், திருகினேன், மரக்கட்டையால் தட்டினேன், வெந்நீர்த் துணி சுற்றினேன், ம்ஹூம், கண்ணாடியும் கண்ணாடியும் ஒரே கண்ணாடியாகிவிட்ட மாதிரி. நடுக் கழுத்து வழியே கவிழ்த்து எடுக்கலாம் என்றால் பொருள் கோந்து மாதிரி இறுகி அடியில் பிடித்திருக்கிறது, கரண்டி நுழையாது. கடைசியில் துண்டைச் சுற்றிச் சுத்தியலால் கழுத்தில் ஒரு போடு போட்டேன். மெஹர் ஓடி வந்து கதவில் நின்றாள், "மிஸ், கொலை பண்றீங்களா, பிரசவம் பாக்குறீங்களா?" "ரெண்டும்" என்றேன். சில்லுகளை வடிகட்டி, வெளிர்மஞ்சளாக ஒரு கிண்ணம் பொருள் எடுத்தோம். அந்த மூடியைச் சபித்தேன், மூவாயிரம் சொச்சம் விலையுள்ள குடுவை. ஆனால் யோசித்துப் பார், அகிலாண்டம், க்ரீஸ் தடவின ஜாயிண்ட் இப்படிப் பிடிக்குமா? பிடிக்காது. பிடிக்காமல் இருக்கத்தானே தடவுவது. அந்த மூடி எனக்குச் சாட்சி சொல்லியிருக்கிறது, நான் சாட்சியைச் சுத்தியலால் அடித்திருக்கிறேன். நூற்று அறுபத்தெட்டு. சந்தோஷம் கழுத்து வரை வந்து அங்கே நிற்கிறது. ஏனென்றால் கண்டென்சர். போன் வந்தபோது கையில் இருந்தது மூடி இல்லை, கண்டென்சர். அது சுலபமாகக் கழன்று வந்தது, ஒரு திருகு, வந்துவிட்டது. ஏன் வந்தது? உள்ளே தண்ணீர் ஓடுகிறது, அதன் கூம்பு குளிர்ந்து சுருங்கியிருக்கும், அதனால் வந்தது. அப்படியும் இருக்கலாம். க்ரீஸ் இருந்ததால் வந்தது. அப்படியும் இருக்கலாம். கழற்றியபின் விரலை வைத்துப் பார்த்தேனா, வழவழப்பாக இருந்ததா? டொலுவினில் ஊறின கையுறை, அதில் எல்லாமே வழவழப்புதான். மனது தனக்கு வேண்டிய காரணத்தைத் தேடிக்கொள்ளும், பயமும் தனக்கு வேண்டியதைத் தேடிக்கொள்ளும், இரண்டுக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் குழாய் சுழன்றுகொண்டிருக்கிறது, அது இரண்டு பேர் பக்கமும் இல்லை. அம்மா கடைசியில் புடவையை மடித்துக்கொண்டிருந்தாள் என்றேனே, ஒரு நாள் மடித்து முடித்து என் மடியில் வைத்து, "இது உனக்கு, நல்லா கட்டிக்கோ" என்றாள். அவளுக்கு என்னைத் தெரியவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன். உனக்கு என்று சொன்னாளே. யாரோ ஒரு நல்ல பெண்ணுக்கு என்று நினைத்துச் சொல்லியிருந்தாலும், என் மடியில்தானே வைத்தாள். இருநூற்றொன்று. பசிக்கிறது. பசித்தால் நல்லது, பயம் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இருநூற்று முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. ஞானப்பிரகாசம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருகிறார், நான் அவர் தோளுக்குப் பின்னால் நிற்கிறேன், அவிழ்ந்த முடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. இருநூற்று நாற்பது. "போட்டுரவா?" "போடுங்க." திரை ஒரு முறை வெளுத்து, கோடு வருகிறது, இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை, கோணலாக, அவர் இரண்டு எண்களை மாற்றுகிறார், கோடு நிமிர்ந்து படுக்கிறது. வலப்பக்கத்தில் சப்பையாக ஒரு மேடு. "அது ட்யூபோட கண்ணாடிம்மா, அதுவும் சிலிக்கன்தானே, எப்பவும் வரும், கண்டுக்காதீங்க. இந்தா பாருங்க, இங்க..." "இல்ல. முதல்ல அங்க போங்க." "எங்க?" "மைனஸ் இருபத்திரண்டுக்கு." அவர் திரும்பி என்னைப் பார்க்கிறார். இடத்தைப் பிடித்து விரிக்கிறார். மைனஸ் இருபதிலிருந்து மைனஸ் இருபத்தைந்து வரை திரை முழுக்க. "அங்க ஒண்ணுமே இல்லம்மா." "இன்னும் உயர்த்திக் காட்டுங்க." உயர்த்துகிறார். இரைச்சல் சின்னச் சின்ன ஊசிகளாக எழுகிறது. "ஒண்ணும் இல்லம்மா. வெறும் புல்லு." "இன்னும்." "இன்னும் ஏத்துனா புல்லு மரமாத்தான் தெரியும், இருக்கறது புல்லுதான்." நான் அந்தப் புல்லைப் பார்க்கிறேன். ஆடிக் காற்றில் ஆடாத புல். எதுவும் முளைக்காத அந்த ஓர் அங்குலத்தை இந்தக் கூடத்தில் யாரும் இத்தனை நேரம் பார்த்திருக்க மாட்டார்கள். என் கை அன்றைக்கு என்ன செய்தது என்று எனக்கு இன்னும் நினைவில்லை. ஏழு பூஜ்யம் நான்கு ஒன்பது, அப்புறம் டொலுவின், நடுவில் இருள். ஆனால் இருளிலும் கை சரியாகத்தான் நடந்துகொண்டது. முப்பத்திநான்கு வருடப் பழக்கத்தை விட்டுவிட்டு, நான் பார்க்காத நேரத்தில்கூட, நான் புதிதாகச் சொன்னதைக் கேட்டிருக்கிறது. "அம்மா, அழுவுறீங்களா? இன்னும் உங்க பீக்கையே பாக்கலியே?" "காட்டுங்க" என்கிறேன். இழுத்துக்கொண்டு போகிறார், மைனஸ் முப்பது, முப்பத்தைந்து, வெறுமை, நாற்பதைத் தாண்டி இரண்டு பீக். பனைமரம் இல்லை. ஒன்று தென்னங்கன்று உயரம், இன்னொன்று அதில் பாதி, பக்கத்துப் பக்கத்தில். உயரமானது சிலிக்கனுக்குப் பக்கத்தில் இருக்கிற சிலிக்கன். குட்டையானது, மெஹர் கணக்குப் போட்டுத் தந்த இடத்தில், கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கிறது. மூன்றில் ஒரு பங்கு. முழுக்க இல்லை. டைட்டானியம் மூன்றில் ஒரு பங்குச் சிலிக்கனின் கையைத்தான் பிடித்திருக்கிறது, மற்றவை தங்களுக்குள்ளேயே கோத்துக்கொண்டுவிட்டன. ஆனால் பிடித்திருக்கிறது.

வெளி அறைக்கு வந்து மெஹருக்குப் போன் செய்கிறேன். முதல் மணியிலேயே எடுக்கிறாள். "மிஸ், இருபத்திரண்டுல என்ன?" அவளும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்திருக்கிறாள். "புல்லு" என்கிறேன். மறுமுனையில் நாற்காலி நகர்கிற சத்தம். "அடுத்தது?" சொல்கிறேன், இரண்டு எண்ணையும், மூன்றில் ஒரு பங்கையும். "மூணுல ஒண்ணா? மிஸ், அது போதும். மீதி ரெண்டு ஏன் சேரலைங்கறதே ஒரு அத்தியாயம், எழுத நாலு வாரம் இருக்கு, இன்னிக்கே வாங்க." "இன்னிக்கு வேண்டாம், மெஹர். இன்னிக்கு நான் சாப்பிடணும்." "ஸ்வீட்?" "வேண்டவே வேண்டாம்." அவள் சிரிக்கிற சிரிப்பு மூன்றாவது பெஞ்சுச் சிரிப்பு. தட்டிலிருந்து ஊசிகளை எடுக்கிறேன், ஒன்று இரண்டு மூன்று நான்கு ஐந்து ஆறு ஏழு, ஏழுதான், கொண்டையை முடிகிறேன், கடிகாரத்தைக் கட்டுகிறேன், இரண்டே கால், அது பாட்டுக்கு ஓடியிருக்கிறது. ஞானப்பிரகாசம் கதவைத் திறந்து தாளை நீட்டுகிறார், அந்த இரண்டு பீக்கும் அச்சாகியிருக்கிறது, நல்ல கறுப்பில். "இன்னொண்ணும் வேணுமே" என்கிறேன். "எதும்மா?" "அந்த மைனஸ் இருபத்திரண்டு. விரிச்சுக் காட்டினீங்களே, அது." "வெறும் புல்லை யாரும்மா பிரிண்ட் எடுப்பா? பேப்பர் தண்டம்." "எனக்காக." தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போகிறார், பிரிண்டர் கரகரவென்று இழுக்கிற சத்தம் கேட்கிறது, வருகிறார், இன்னும் சூடாக இருக்கிறது தாள். நடுவில் ஒன்றுமில்லாத ஒரு கோடு. பைக்குள் சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், குடை. மடித்தால் கோடு உடையும், மடிக்காமல் வைக்க இடம் பார்க்கிறேன்.